காதை மூடாத ஹெட்போன்

என் தங்கைக்குப் பார்வை போனபோது அவள் பிளஸ் டூ எழுதி முடித்திருந்தாள். காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். மதுரையில் மருத்துவமனையில் கிடந்து பிழைத்தாள். கண்ணில் கோளாறு இல்லை, கண்ணுக்குப் போகிற நரம்புதான் வாடிவிட்டது, இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, வண்டி நிற்கும் போதெல்லாம் இது என்ன ஊர் என்று கேட்டாள். மானாமதுரை என்றேன், பரமக்குடி என்றேன். பரமக்குடிக்கு அப்புறம் அவள் கேட்கவில்லை.

எங்கள் ஊர் ஆர்.எஸ். மங்கலத்துக்குத் தெற்கே, கடலிலிருந்து கொஞ்சம் தள்ளி. மழை பெய்தால் நெல், இல்லாவிட்டால் குண்டு மிளகாய். அய்யாவும் அம்மாவும் காடுகரைக்குப் போய்விட்டால் வீட்டில் அவள் ஒருத்திதான். நான் மண்டபத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். சனிக்கிழமை மத்தியானம் கிளம்பி ஊருக்கு வந்து, திங்கட்கிழமை காலையில் திரும்புவேன். சில வருஷங்கள் அவள் சும்மாவே இருந்தாள். பிறகு ஒருநாள் தபால் வழியில் பி.ஏ. படிக்கிறேன் என்றாள். பொருளாதாரம். யார் வாசிப்பது என்று அம்மா கேட்டார். அண்ணன் கேசட்டில் வாசித்து வைத்தால் நான் கேட்டுக்கொள்வேன் என்றாள். முன்பே முடிவு பண்ணி வைத்திருந்தாள் போலிருக்கிறது.

டேப் ரெக்கார்டர் ஒன்று வாங்கினேன். ஒற்றை ஸ்பீக்கர். சத்தத்தைக் கூட்டினால் பிளாஸ்டிக் கூடு அதிரும். வேகாத வெயிலில் வயலிலிருந்து வந்து அய்யா தலை சாய்க்கும் நேரத்தில் அது உற்பத்தி, மூலதனம் என்று பேசிக்கொண்டிருக்கும். அய்யா ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனாலும் அவளாகவே சத்தத்தைக் குறைத்துவிட்டு, காதை ஸ்பீக்கரோடு ஒட்டி வைத்துக் கேட்பாள். ஒரு சனிக்கிழமை நான் போனபோது அவள் கன்னத்தில் ஸ்பீக்கரின் கம்பிவலை கட்டம் கட்டமாகப் பதிந்திருந்தது. அம்மா அதை முந்தானையால் துடைத்தார். அழுக்கு என்று நினைத்துவிட்டார்.

வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்திருந்த என் மாமன் மகனிடம் சொன்னேன். அவன் தன் ஹெட்போனையே கொடுத்துவிட்டுப் போனான். பெரியது, காது முழுவதையும் மூடும், ரெக்சின் உறை போட்ட மெத்தை. போட்டுப் பார்த்தேன். சத்தம் பிரமாதம். தவில் அடித்தால் நெஞ்சில் விழுந்தது. எங்கள் ஊர்ப் புழுக்கத்துக்கு ஒரு பாட்டு முடிவதற்குள் காதோரம் வேர்த்து வடிந்தது. வேர்வையைத் துடைத்துக்கொள்ளலாம், அது ஒரு பெரிய குறையில்லை என்று நினைத்தேன். தங்கை போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தாள். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கிணற்றுக்குள் இறக்கிவிட்ட மாதிரி இருக்கிறது என்றாள்.

அடுத்த வாரத்தில் அம்மா மாட்டுக்கொட்டத்தில் வழுக்கி விழுந்தார். தங்கை கூடத்தில்தான் இருந்தாள். அம்மா அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே கிடந்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரி வைக்கோல் கேட்க வந்தவள்தான் பார்த்துத் தூக்கினாள். மணிக்கட்டு முறிந்திருந்தது. நான் போனபோது அம்மா கையைத் துணியில் தொட்டிலாகக் கட்டிக்கொண்டு அடுப்பு ஊதிக்கொண்டிருந்தார். தங்கை சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கு இருக்கறது காது மட்டுந்தாண்ணே. அதையும் பொத்திட்டா நான் எங்கன இருக்கேன்னே எனக்குத் தெரியல" என்றாள்.

அந்த ஹெட்போனை அவள் அப்புறம் தொடவில்லை.

ராமநாதபுரத்தில் ரேடியோ பழுது பார்க்கிற கடைக்காரரிடம் விஷயத்தைச் சொல்லி, வெளிச்சத்தமும் கேட்கிற மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். அவர் ஒரு பெட்டியிலிருந்து லேசான ஒன்றை எடுத்துப் போட்டார். மெல்லிய தகட்டு வளையம், இரண்டு பக்கமும் சின்னதாகக் கறுப்புப் பஞ்சு, பின்புறம் வரிவரியாகத் திறப்பு. சத்தம் வெளியே ஒழுகும், பக்கத்தில் இருப்பவனுக்கும் கேட்கும், இதெல்லாம் மலிவுச் சரக்கு, சொல்லிவிட்டேன், பிறகு வந்து குறை சொல்லக் கூடாது என்றார். எனக்கு அந்தக் குறைதான் வேண்டியிருந்தது.

தங்கை அதைச் சோதித்த விதம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. போட்டுக்கொண்டு, ஒரு நாயனக் கேசட்டைக் கேட்டுவிட்டு என் வாசிப்பை ஓடவிட்டு, என்னை வாசலுக்குப் போய்ச் சாதாரணமாகப் பேசச் சொன்னாள். பேசினேன். கொல்லைக்குப் போகச் சொன்னாள். அம்மாவைப் பாத்திரம் கழுவச் சொன்னாள். வாசலில் ஆடு கத்தியபோது அந்தப் பக்கம் தலையைத் திருப்பினாள். டேப்பில் என் குரல் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அதன் லட்சணங்களைச் சொன்னாள். தவில் சத்தம் தீப்பெட்டியைத் தட்டுகிற மாதிரி கேட்கிறது. பேச்சு மட்டும் தெளிவு. 'ச'வும் 'ஸ'வும் கொஞ்சம் குத்துகின்றன. தகடு முடியைப் பிடித்து இழுக்கிறது. இதுவே போதும்.

தகட்டுக்கு அம்மா துணி சுற்றிக் கொடுத்தார். சில மாதத்தில் பஞ்சு பொடிந்து காதெல்லாம் கறுப்புத் தூளானது. அய்யாவின் பழைய வேட்டியைக் கிழித்து இரட்டையாக மடித்து அம்மா உறை தைத்தார். அது காதுக்கு இதமாக இருந்தது. ஆனால் எழுத்தெல்லாம் மழுங்கிவிட்டது என்றாள் தங்கை. ஒற்றைத் துணியாகப் பிரித்துத் தைத்தார்கள். அதுதான் நிலைத்தது.

மிச்சமிருந்த குறை என் குரல். வாரம் முழுவதும் கோப்பு பார்த்த களைப்பில் வாசிப்பேன். நடுவில் கொட்டாவி வரும். நான் கொட்டாவி விட்டால் கேட்கிற அவளுக்கும் வரும். அண்ணன் வாசித்தால் தூக்கம் வருகிறது என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

தொண்ணூறில் அக்கரையில், இலங்கையில், மறுபடி சண்டை மூண்டு, ஜனங்கள் படகு படகாக வந்து இறங்கினார்கள். மண்டபம் முகாம் நிரம்பிவிட்டது. ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு டைப் அடிக்கிற கடையில் நான் காத்திருந்தபோது, முகாமிலிருந்து ஒரு பெண் வயதான தகப்பனாரோடு வந்திருந்தார். கையால் எழுதிய ஒரு மனுவை டைப் அடிப்பவருக்கு வாசித்துக் காட்டினார். எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தி, அவசரமில்லாமல், ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக விழும்படி வாசித்தார். என் தங்கையைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். மன்னார்ப் பக்கத்தில் ஒரு கூட்டுறவுக் கடையில் வேலை பார்த்தவர் என்று பிறகு தெரிந்தது. நான் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். தகப்பனார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பெண், என்ன புத்தகம் என்று கேட்டார். பொருளாதாரம் என்றேன்.

"எனக்கு விளங்காது. ஆனால் வாசிப்பன்" என்றார்.

மண்டபத்தில் நான் பாடம் பதிய வைத்திருந்த பழைய சின்ன ரெக்கார்டரையும் பேட்டரிகளையும் அவரிடம் கொடுத்தேன். சனிக்கிழமைதோறும் முகாம் வாசலில் கேசட்டை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போவேன். முதல் கேசட்டைத் தங்கை நாலைந்து முறை ஓடவிட்டாள். பாடத்துக்காக இல்லை. பாடம் முடிந்த பிறகு அந்தப் பெண், "இண்டைக்கு இவ்வளவுதான். இஞ்ச மழை. தகரத்தில விழுற சத்தம் கேக்குதோ?" என்று சொல்லியிருந்தார். அதற்குப் பதில் சொல்ல வேண்டாமா என்றாள் தங்கை. கேசட்டின் மறுபக்கத்தில் பதில் பேசினாள். மழை கேட்டது, எங்கள் ஊரில் மழையே இல்லை, வாய்க்காலில் தண்ணீர் வந்தால் சொல்கிறேன் என்று.

அப்படியே ஆரம்பித்துவிட்டது. ஒரு பக்கம் பாடமும் கொஞ்சம் பேச்சும்; மறுபக்கம் முழுக்கப் பேச்சு. நான் நடுவில் தூக்கிக்கொண்டு அலைகிறவன். ஹெட்போன் வெளியே ஒழுகுகிற ஜாதி என்பதால் பக்கத்தில் உட்கார்ந்தால் எனக்கும் பாதி கேட்கும். அவர்கள் பேசியது பெரிய விஷயம் எதுவுமில்லை. ரேஷனில் வந்த அரிசியின் வாசனை, தலைக்கு என்ன எண்ணெய், கோழிக்கு வந்த சீக்கு. கேசட் புதிதாக வாங்குவது குறைவு என்பதால், கேட்டு முடித்த பேச்சின் மேலேயே அடுத்த வாரப் பேச்சைப் பதிவார்கள். பரீட்சைக்கு வேண்டும் என்று பாடத்தை மட்டும் தங்கை அழிக்காமல் எடுத்து வைப்பாள்.

ஒரே ஒருமுறை அவர்கள் நேரில் பார்த்துக்கொண்டார்கள். தங்கையையும் அம்மாவையும் மண்டபத்துக்குக் கூட்டிப் போனேன். டேப்பில் அவ்வளவு பேசியவர்கள் நேரில் எதிரெதிரே உட்கார்ந்து பேச்சு வராமல் இருந்தார்கள். கடைசியில் தங்கை பையிலிருந்து ஹெட்போனை எடுத்துக் கொடுத்து, அவர் குரலையே அவருக்குப் போட்டுக் காட்டினாள். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இது நானோ, மூக்கால அல்லோ கதைக்கிறன் என்றார். அதன் பிறகு இரண்டு பேரும் நிறுத்தவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் தங்கை சொன்னாள்:

"ஹெட்போன்ல அவுக என் ரெண்டு காதுக்கும் நடுவுல உக்காந்து பேசுவாகண்ணே. நேர்ல கொஞ்சம் எட்டத்துல இருக்காக."

தொண்ணூற்றிரண்டில் கப்பலில் ஆட்களைத் திருப்பி அனுப்பத் தொடங்கினார்கள். கடைசி வருஷப் பாடத்தில் ஒரு புத்தகம் பாக்கி இருந்தது. அந்தச் சனிக்கிழமை நான் முகாமுக்குப் போனபோது அவர் வாசலுக்கு வரவில்லை. உள்ளே போய் விசாரித்தேன். அந்த வீட்டில் வேறு குடும்பம் சாமான் இறக்கிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்து தந்தார். புத்தகம், ரெக்கார்டர், உள்ளே கேசட். தகப்பனும் மகளும் முந்தின நாளே கப்பலுக்குப் போய்விட்டார்கள் என்றார்.

அந்தக் கேசட்டில் புத்தகத்தின் மீதிப் பாடம் முழுவதும் இருந்தது. இரண்டு பக்கமும் பாடம். வழக்கத்தைவிட வேகமாக வாசித்திருந்தார். முடிவில், புத்தகம் முடிந்துவிட்டது, நன்றாக எழுதுங்கோ என்பது மட்டும். மழையில்லை, கோழியில்லை. போகிறேன் என்றுகூட இல்லை. தங்கை அதைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். நான் ஆறுதலாக ஏதோ சொன்னேன்.

"சொல்லிட்டுப் போக மனசில்ல போல" என்றாள். பல வருஷம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அவள் பி.ஏ. தேறினாள். ராமநாதபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை கிடைத்தது. அங்கே ஒரு காதுக்கு மட்டும் போடுகிற ஹெட்போன். மற்ற காது சும்மா இருக்கும், நடைபாதையில் யார் வருகிறார்கள் என்று தெரியும், ரொம்ப வசதி என்றாள். அய்யா போய்ச் சேர்ந்த பிறகு நான் ராமநாதபுரத்திலேயே வீடு பார்த்து, அம்மாவையும் அவளையும் கூட்டி வந்துவிட்டேன். அவளுக்குக் கல்யாணப் பேச்சு இரண்டு இடத்தில் வந்து நின்றுபோனது. பெண் பார்க்க வந்தவர்கள் கூடத்தில் அவளைப் பற்றித் தாழ்ந்த குரலில் பேசியது அவளுக்கு உள்ளறையில் கேட்டிருக்கிறது. அவளுக்கு எல்லாம் கேட்கும். அதற்கு அப்புறம் அவளே வேண்டாம் என்றுவிட்டாள்.

பழைய ஹெட்போனில் ஒரு பக்கம் செத்துவிட்டது. மதுரைக்கு அலுவலக வேலையாகப் போனபோது, முகாம் பெண் வாசித்த பாடக் கேசட் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு கடை கடையாக ஏறினேன். ஒன்று தலையைக் கிடுக்கி போல் பிடித்தது. கண்ணாடி போட்டவனுக்கு அதோடு கால் மணி நேரம் உட்கார முடியாது. ஒன்று காதுத் துளைக்குள்ளேயே சொருகுவது. தங்கைக்கு ஆகவே ஆகாது. கடைசியில் ஒன்று கிடைத்தது. எடையே இல்லை. மெத்தை வெல்வெட் மாதிரி துணி, காதின் மேல் அழுத்தாமல் காதைச் சுற்றி உட்கார்ந்தது. பின்புறம் முழுக்கச் சல்லடைக் கம்பி. அந்தச் சல்லடையை உள்ளங்கையால் பொத்தினால் அந்தப் பெண்ணின் குரல் பானைக்குள் போய்விடும். கையை எடுத்தால் வெளியே வந்து எதிரே உட்காரும். கடைப் பையன்கள் பார்த்துச் சிரிக்கும் வரை பொத்திப் பொத்தி எடுத்துப் பார்த்தேன். விலை நமக்கு எட்டுவதாக இருந்தது. வாங்கிவிட்டேன்.

தங்கை அதைப் போட்டுக்கொண்டு அலமாரியிலிருந்து ஒவ்வொரு கேசட்டாகக் கேட்க ஆரம்பித்தாள். முடி இழுக்கவில்லை, காது வேர்க்கவில்லை என்றாள். குரலுக்குப் பின்னால் ஒரு வீடு கேட்கிறது என்றாள். யாரோ இருமுகிறார்கள், அது தகப்பனாராக இருக்கும், அடிபம்பு அடிக்கிறார்கள், காற்றில் ஏதோ தகடு ஆடுகிறது. பழைய ஹெட்போனில் அதெல்லாம் வெறும் இரைச்சலாகத்தான் இருந்திருக்கிறது.

கடைசிக் கேசட்டை அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போட்டாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். டேப்பை நிறுத்துவதும் பின்னுக்கு ஓட்டுவதுமாக இருந்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டு என் தலையில் மாட்டினாள். பின்னால் என்ன கேட்கிறது சொல்லு என்றாள்.

பன்னாட்டு வாணிபம் பற்றிய பாடம். குரலுக்குப் பின்னால், தூரத்தில், ஒலிபெருக்கியில் யாரோ பேசுவது கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். பெயர்கள். குடும்பத் தலைவர் பெயர், கூட இருப்பவர்கள் பெயர், அடுத்த குடும்பம். கப்பலுக்குப் போகிறவர்களை வாசிக்கிறார்கள். இந்தப் பெண் அதற்கு மேலே பாடத்தை வாசித்துக்கொண்டே போகிறார். ஓர் இடத்தில், பாதி வாக்கியத்தில், நிறுத்துகிறார். அந்த இடைவெளியில் ஒலிபெருக்கி அவருடைய தகப்பனார் பெயரைச் சொல்கிறது. பிறகு அவருடைய பெயரை. எச்சில் விழுங்குகிற சத்தம். விட்ட சொல்லிலிருந்து மறுபடி வாசிக்கிறார். முன்னைவிட வேகமாக.

நான் கழற்றினேன்.

"புஸ்தகத்த முடிச்சிரணும்னு பாத்திருக்காகண்ணே" என்றாள் தங்கை. "நான் என்னென்னமோ நெனச்சிட்டேன்."

அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. மறுநாளிலிருந்து, புதிதாகப் படகில் வந்தவர்கள் யாராவது இருந்தால் விசாரி, விசாரி என்று என்னை அரிக்கத் தொடங்கினாள். கொஞ்ச காலம் அக்கரையில் சண்டை ஓய்ந்திருந்ததால் வருகிறவர்களே இல்லை. இரண்டாயிரத்து ஆறில் மறுபடி வந்தார்கள். நான் அப்போதும் மண்டபத்தில்தான் வேலையில் இருந்தேன். மன்னார்க்காரர்கள் யாரைப் பார்த்தாலும் ஊரையும் கூட்டுறவுக் கடையையும் சொல்லிக் கேட்பேன். தெரியாது என்பார்கள். ஒருநாள் முகாம் வாசல் டீக்கடையில், ஒல்லியாக ஓர் ஆள் நான் கேட்டதை எல்லாம் கேட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் எட்டு ஒன்பது வயதில் ஒரு பெண் குழந்தை.

"நீங்கள் அந்தக் கசெற் அண்ணையோ?" என்றார்.

அவர் அந்தப் பெண்ணின் கணவர். ஊர் திரும்பின பிறகு கல்யாணம் செய்துகொண்டவர். மனைவி எங்களைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறார். நான் அவர் எங்கே என்று கேட்டேன். குழந்தையைக் கடைக்குள் அனுப்பிவிட்டுச் சொன்னார். இடம் பெயர்ந்து காட்டுப் பக்கம் இருந்தபோது பிரசவம். இரத்தம் நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு வழி இல்லை.

"பிள்ளைய ஒருக்காக் கையில வாங்கினவ. அவ்வளவுதான் அண்ணை."

வீட்டுக்குப் போய்த் தங்கையிடம் எப்படிச் சொல்வதென்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே போனேன். நான் செருப்பைக் கழற்றிய விதத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே போய் உட்கார்ந்தாள். இத்தனை வருஷமாகவா என்று ஒருமுறை கேட்டாள். அம்மா அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளே கிளம்பினாள். டேப் ரெக்கார்டர், ஹெட்போன், கேசட்டுகள். பாதிக்கு மேல் பூஞ்சை பிடித்து ஓடவில்லை, ஓடியதெல்லாம் பாடங்கள். முகாமில் அந்த ஒற்றை அறையில் குழந்தையின் தலையில் ஹெட்போனை மாட்டினோம். பெரிதாக இருந்தது. வளையத்தை முழுக்கக் குறுக்கியும் நழுவியது. அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அப்பா பக்கத்தில் குந்தியிருந்தார். சல்லடை வழியாக அவருக்கும் கேட்டது. தேவை விதி. விலை ஏறினால் தேவை குறையும் என்று மனைவியின் குரல் வாசித்தது. அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

குழந்தை பொறுமையாகக் கேட்டாள். பிறகு ஹெட்போனைத் தூக்கிவிட்டுத் தங்கையிடம் கேட்டாள்:

"அம்மா இப்பிடியோ கதைக்கிறவ?"

"இது வாசிக்கிறது, ஆத்தா. பேசுறது வேற மாதிரி" என்றாள் தங்கை.

அந்தப் பேச்சையெல்லாம் அவர்கள் ஒன்றின் மேல் ஒன்றாக அழித்துப் பதிந்திருந்தார்கள். தங்கை டேப்பை நிறுத்தினாள். பிறகு பேச ஆரம்பித்தாள். எங்கள் ஊர்ப் பேச்சில் இல்லை. அந்தப் பெண்ணின் பேச்சில். இண்டைக்கு இவ்வளவுதான். இஞ்ச மழை. தகரத்தில விழுற சத்தம் கேக்குதோ? கோழிக்குச் சீக்கு வந்ததை, கடையில் சீனி நிறுக்கும்போது எறும்பு ஊர்ந்ததை, வாய் பொத்திச் சிரிப்பதை எல்லாம், இழுவை மாறாமல் ஒவ்வொன்றாகச் சொன்னாள். இவ்வளவும் அவளுக்குள் இருந்தது எனக்கே தெரியாது. குழந்தை ஹெட்போனைக் கழுத்தில் தொங்கவிட்டபடி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே நின்ற அப்பா உள்ளே வரவில்லை. நிலைப்படியில் அவர் கை மட்டும் தெரிந்தது.

எல்லாவற்றையும் அங்கேயே கொடுத்துவிட்டு வந்தோம். சில மாதத்தில் அவர்களை வேறு மாவட்டத்து முகாமுக்கு மாற்றிவிட்டார்கள். குழந்தை ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கைக்குப் போன் பண்ணுவாள். இரண்டாயிரத்து ஒன்பதில் அக்கரையில் எல்லாம் முடிந்துவிட்டது என்று செய்தி வந்த வாரம் அவள் கூப்பிடவில்லை. அடுத்த வாரம் கூப்பிட்டாள். அப்பா பேசுவதே இல்லை, சாப்பிடுவதும் இல்லை என்று சொல்லியிருக்கிறாள். தங்கை வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுப் போனை வைத்தாள்.

பிள்ளையின் குரல் அவள் அம்மா மாதிரி இருக்கிறதா என்று நான் கேட்டேன்.

"இல்லண்ணே. ஒரு இடத்துலகூட இல்ல" என்றாள். "அவ அப்பன் குரல்."

அம்மா உள்ளேயிருந்து சாப்பிடக் கூப்பிட்டார். இதோ வாரேன் என்று சொல்லிவிட்டு, போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.